முகூர்த்த நேரத்தில் நின்ற லிஃப்ட்

லிஃப்ட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், ரொம்பச் சந்தோஷம். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழைவிடப் பர்மியம்தான் சுலபமாக வாசிக்க வரும் என்று எனக்குத் தெரியும். என்ன செய்வது, நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கோயில் வகுப்பில் படித்த தமிழ்தான் கையில் நின்றது. வாய்விட்டுப் படியுங்கள், புரிந்துவிடும். பேசுகிற மாதிரிதான் எழுதியிருக்கிறேன்.

கயிறு மாற்றுவது, பிரேக் பார்ப்பது இதெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு காலை நேரத்தைப் பற்றி. இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வேர்க்கிறது. அதே சமயம் எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போலவும் இருக்கிறது. அப்படி ஒரு காலை!

முதலில் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை பூட்டை இழுத்துப் பார்ப்பேன். இப்படிப்பட்ட ஆள் ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருஷம் அடுத்தவர் சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தேன். படித்த பையன்கள் வந்தார்கள், மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு லிஃப்டைப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எனக்கு மேலே போனார்கள். நாற்பத்தாறாவது வயதில் ஒருநாள், எங்கிருந்து தைரியம் வந்ததோ, வேலையை விட்டுவிட்டேன். சொந்தக் காலில் நிற்பது என்று முடிவு செய்தேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் எனக்குப் பைத்தியம் என்றார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

மாரியம்மனிடம் போய் நின்றேன். "தாயே, ஒரே ஒரு கட்டடமாவது என் கைக்கு வந்தால் இந்த வருஷம் பூ மிதிக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். நம் ஆட்கள் நெருப்பில் நடப்பதைத்தான் பூ மிதிப்பது என்கிறோம், தெரியும்தானே.

கட்டடம் வந்தது! பசுந்தாங்கில், ஓடைக்குப் பக்கத்தில், ஒன்பது மாடி, ஒரே லிஃப்ட். குடியிருப்போர் கமிட்டித் தலைவர் ஊ சான். ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் அவர் சயாஜி, அதாவது பெரிய வாத்தியார். முதல் நாளே என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "கம்பெனியை விட்டுட்டு ஒரு தனி ஆளை நம்புறேன். ஒரு வருஷம் பாப்பேன். நடுவுல உன்னால ஒரு தப்பு நடந்தா மறுநாளே வேற ஆளு." அந்தக் கட்டடம் போனால் எனக்கு வேறு கட்டடம் இல்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பழைய கம்பெனி வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

அதனால் பேய் மாதிரி வேலை செய்தேன். கம்பெனி மாதத்துக்கு ஒரு தடவை ஆள் அனுப்பும். நான் எட்டுத் தடவை போனேன். ஆங்கிலத்தில் இருந்த வயரிங் படம் எனக்குப் புரியாது. ஒவ்வொரு வயராகத் தொட்டு, பழைய காலண்டர்த் தாள்களின் முதுகில் கலர் பென்சிலால் நானே படம் வரைந்தேன். பதினோரு தாள்! மெஷின் அறைச் சுவரில் ஒட்டி வைத்தேன். கோயிலில் காப்புக் கட்டிய அன்றைக்கு மொத்த லிஃப்டையும் துடைத்துச் சுத்தம் செய்தேன். அம்மன் சந்தனத்தையும் குங்குமத்தையும் கொண்டுபோய் மெஷின், சக்கரம், ஆள் ஏறுகிற பெட்டியின் தலை, அங்கே இருந்த சின்னச் சின்னக் கருவிகள் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தேன். என் மனசு அப்படி நிறைந்திருந்தது.

எட்டு நாள் விரதம் முடிந்து பூ மிதிக்கிற நாளும் வந்தது. பகல் பஸ்ஸில் ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் என்ற ஊருக்குப் போக வேண்டும், கோயில் அங்கே பக்கத்தில். குளித்து மஞ்சள் வேட்டி கட்டி நின்றேன். மணி ஒன்பது ஆகப் பத்து நிமிஷம். போன் அடித்தது.

அதே கட்டடத்தில் எட்டாவது மாடியில் குடியிருக்கும் தங்கவேலு அண்ணன். லான்மடாவில் கடை வைத்திருப்பவர். அன்றைக்கு மண்டபத்தில் அவர் மகள் கோமதிக்குக் கல்யாணம்.

"முருகேசா! பொண்ணு லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிச்சு! ஒம்பதரைக்கு முகூர்த்தம்டா!"

என் வீடு இரண்டு தெரு தள்ளி. வெறுங்காலோடு ஓடினேன். கட்டடத்தில் மின்சாரம் இல்லை. ஐந்தாவது மாடிக்குப் படியேறினால் அங்கே திருவிழாக் கூட்டம். பெட்டி ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நிற்கிறது. யாரோ ஜாக்கிக் கம்பியைக் கொடுத்து ஐந்தாவது மாடிக் கதவை நெம்பித் திறந்துவிட்டார்கள். பெட்டியின் தரை என் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. அதன் விளிம்பில் பட்டுச்சேலை கட்டிய கோமதி உட்கார்ந்திருக்கிறாள், கால் இரண்டும் வெளியே தொங்குகின்றன. மாமன் மகன்கள் இருவர் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டு, "சறுக்கிடு, நாங்க பிடிச்சுக்கிறோம்" என்கிறார்கள்.

எனக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கையை எடுங்கடா! கோமதி, உள்ளே போ! பின்னால நகரு!"

தம்பி தங்கைகளே, இதை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பவருக்கு வேர்க்கும், பயம் வரும், அழுகை வரும். ஆனால் அவர் பத்திரமாக இருக்கிறார். ஆபத்து வெளியே இழுக்கும்போதுதான். பெட்டியின் தரைக்குக் கீழே, திறந்த கதவுக்குள், ஆள் நுழைகிற அளவு இடைவெளி இருக்கும். சறுக்கி இறங்குகிறவரின் கால் தரையில் பாவாமல் வழுக்கினால், உடம்பு அந்த இடைவெளிக்குள் மடிந்துவிடும்.

கோமதி காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். தங்கவேலு அண்ணன் என் மேல் பாய்ந்தார்.

"நீ யாருடா என் பொண்ணைத் தடுக்க? அங்க ஐயரு உக்காந்துட்டாரு! மாப்பிள்ளை உக்காந்துட்டாரு! நீ என்னடான்னா மஞ்ச வேட்டியில வந்து சட்டம் பேசுற!"

உள்ளேயிருந்து இன்னொரு குரல். கோமதியோடு மாட்டியிருந்த அவளுடைய அத்தை. "அண்ணே, அவரைத் திட்டாதீங்க. மொதல்ல எனக்கு ஒரு விசிறியத் தூக்கிப் போடுங்க. பொண்ணு அழகா இருக்கா, நான்தான் இட்லி மாதிரி வெந்துக்கிட்டு இருக்கேன்."

கூட்டம் சிரித்தது. ஆனால் அண்ணன் அடங்கவில்லை. விளக்கிச் சொல்ல நேரமில்லை, சொன்னாலும் அவர் காதில் ஏறாது. கீழே பார்த்தேன். அவர் காலில் கல்யாணத்துக்காக வாங்கிய புதுச் செருப்பு. குனிந்து ஒன்றைக் கழற்றினேன், பெட்டிக்குக் கீழே இருந்த இருட்டுக்குள் வீசினேன்.

"டேய், புதுச் செருப்புடா அது!"

"பேசாதீங்க. கேளுங்க."

எல்லோரும் வாயை மூடினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் அடியாழத்தில் 'தொப்'.

அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை. கால் பிடித்திருந்த பையன்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

"இந்த வாசல் இனி உங்க பொறுப்பு, அண்ணே" என்றேன். "ஒருத்தர் கைகூட உள்ளே போகக்கூடாது. நான் மேலே போய்ப் பெட்டியை இறக்குறேன்." அவர் ஒற்றைச் செருப்போடு கதவை மறித்து இரண்டு கையையும் விரித்து நின்றார். அதற்கப்புறம் ஓர் ஈகூட அவரைத் தாண்டவில்லை. கூட்டத்தில் எவர் அதிகமாகக் கத்துகிறாரோ அவர் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். கத்துவதற்கு இருந்த பலமெல்லாம் வேலைக்குப் போய்விடும்.

நான் திரும்பும்போது அத்தை மறுபடி பேசினார். "இந்தப் பாழாப்போன கரண்ட்டு. ஆனா ஒண்ணு மெக்கானிக்குத் தம்பி, லிஃப்டு நின்னப்பெறகும் கொஞ்ச நேரம் லைட்டு எரிஞ்சுதுய்யா. அப்புறந்தான் அணைஞ்சுது."

அப்படியானால் லிஃப்டை நிறுத்தியது மின்வெட்டு இல்லை. வேறு ஏதோ. என் லிஃப்டில், நான் மாதம் எட்டுத் தடவை பார்க்கிற லிஃப்டில்! யோசிக்க நேரமில்லை. ஓடினேன்.

ஒன்பதாவது மாடிக்கும் மேலே மெஷின் அறை. என் பின்னால் மூச்சு வாங்க வந்து நின்றவர் சயாஜி. பெட்டியைக் கையால் நகர்த்த இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பிரேக்கைத் தளர்த்திப் பிடிக்க, ஒருவர் சக்கரத்தைச் சுற்ற. தனியாளாகவே எல்லாம் செய்கிறவன் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை வாசலிலேயே போட்டுவிட்டு, "சயாஜி, இந்தக் கம்பியைப் பிடிங்க. நான் சொன்னா அழுத்துங்க, நான் சொன்னா விடுங்க" என்றேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

மெயின் சுவிட்சை இறக்கினேன். இறங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். இன்னொரு தடவை பார்த்தேன். "எத்தனை தடவை பாப்பே?" என்றார் அவர். மூன்றாவது தடவையும் பார்த்தேன். மணிக்கட்டில் காப்புக் கயிறு தொங்கியது. சுழலும் பொருள் பக்கத்தில் கையில் எதுவும் தொங்கக்கூடாது. துண்டைக் கிழித்துக் கயிற்றோடு சேர்த்து இறுக்கமாகச் சுற்றிக்கொண்டேன்.

இப்போது மேலேயா, கீழேயா? உள்ளே இரண்டே பேர். பெட்டி லேசு, எதிர்ப்பக்க எடைதான் கனம். பிரேக்கைத் தளர்த்தினால் பெட்டி தானாக மேலே போகும். ஆறாவது மாடிக்கு ஏற்றுவது ரொம்பச் சுலபம், சக்கரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றால் போதும். ஆனால் ஐந்தாவது மாடிக் கதவு நெம்பி வளைந்து கிடக்கிறது, மூடாது. பெட்டி மேலே போகப் போக அங்கே கிணறு மாதிரி வாய் திறக்கும். அதற்கு முன்னால் முப்பது பேர் தள்ளிக்கொண்டு நிற்கிறார்கள். கீழே இறக்குவதுதான் சரி. அந்தக் கனத்துக்கு எதிராக, கையால்.

"அழுத்துங்க சயாஜி!"

சுற்றினேன். சக்கரம் என்னை எதிர்த்துத் தள்ளியது. ஒரு விரல் அளவு நகர்ந்தது. "விடுங்க!" மூச்சு வாங்கினேன். "அழுத்துங்க!" மறுபடி ஒரு விரல். ஒவ்வொரு மாடிப்படியிலும் ஆட்கள் நின்று செய்தியைத் தூக்கிப் போட்டார்கள். பர்மியத்தில் ஒருவர் கத்த, தமிழில் அடுத்தவர் கத்த, மேலே எனக்கு வந்து சேரும். "இன்னும் இடுப்பளவு!" "இன்னும் முழங்கால்!" நான் ஒவ்வொரு சுற்றுக்கும் "மாரியம்மா, மாரியம்மா" என்கிறேன். சயாஜி பிரேக்கை அழுத்திக்கொண்டு பாலி மொழியில் அவருடைய கந்தம், புத்தர் மந்திரம், ஓதுகிறார். இரண்டு சாமிக்கும் நடுவில் ஒரு பிரேக்!

"முழங்கால்" என்ற சத்தம் வந்த அடுத்த நொடி, தலைக்கு மேலே பல்ப் பளிச்சென்று எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது! தெருவெல்லாம் ஹோவென்று சத்தம் கேட்டது. சயாஜி என் கையைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், இறக்கி வைத்திருந்த மெயின் சுவிட்சைப் பார்த்தார். மெயின் மேலே இருந்திருந்தால் என் கை என்னவாகியிருக்கும் என்று ஒரு ஹெட்மாஸ்டருக்கு விளக்க வேண்டியதில்லை. பயந்தவன் என்று யாராவது உங்களைக் கேலி செய்தால் செய்யட்டும், இந்தத் தொழிலில் பயம் ஒரு சாமான். கருவிப் பெட்டியில் ஸ்பேனர் இருக்கிற மாதிரி அதுவும் இருக்கட்டும்.

இன்னும் எத்தனை சுற்று சுற்றினேனோ தெரியாது. கீழேயிருந்து ஒரே கூச்சல், "நிறுத்து! நிறுத்து! சமமா வந்துருச்சு!"

நான் ஐந்தாவது மாடிக்கு இறங்கி வந்தபோது கோமதி போய்விட்டாள். அண்ணன் ஒற்றைச் செருப்போடு காருக்கு ஓடினாராம். முகூர்த்தம் தப்பவில்லை. ஐயர் மந்திரத்தை ஜவ்வு மாதிரி இழுத்து நிறுத்தி வைத்திருந்தார் என்று அப்புறம் அத்தை சொன்னார். கூட்டம் என் முதுகைத் தட்டியது. ஒருவர் வாயில் இனிப்பைத் திணிக்க வந்தார், விரதம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். சயாஜி கட்டட நோட்டுப் புத்தகத்தை எடுத்து, காரணம் என்ற இடத்தில் 'மின்வெட்டு' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு பெட்டியின் தலைமேல் ஏறினேன்.

அங்கே ஒரு சின்னக் கருவி உண்டு, உங்களுக்குத் தெரியும், எந்த மாடியில் இருக்கிறோம் என்று பெட்டிக்குச் சொல்கிற சென்சார். மொச்சைக் கொட்டை அளவு கண்ணாடிக் கண். அந்தக் கண்ணின்மேல் மஞ்சளாக, காய்ந்து வெடித்து, பாதி பெயர்ந்து, அம்மன் சந்தனம். நான் வைத்த பொட்டு. ஈரமாக இருந்தபோது ஓரத்தில் இருந்திருக்கும். எட்டு நாளில் காய்ந்து உடைந்து, அந்தக் காலையில் சரிந்து கண்ணை மறைத்திருக்கிறது. பெட்டிக்கு வழி தெரியாமல் நின்றுவிட்டது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கம்பெனிப் பையன்கள் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். என் பக்தியே ஒரு கல்யாணப் பெண்ணை ஐந்து மாடி உயரத்தில் தொங்க விட்டிருக்கிறது. துடைத்துவிட்டால் முடிந்தது. யாருக்கும் தெரியாது. நோட்டில் மின்வெட்டு என்று எழுதியாகிவிட்டது. சொன்னால் கட்டடம் போகும்.

துடைத்தேன். பெயர்ந்த சந்தனத்தை மட்டும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போய் சயாஜிக்கு முன்னால் நீட்டினேன். நடந்ததைச் சொன்னேன்.

சந்தனத் துண்டை விரலால் புரட்டிப் பார்த்தார். "நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாது, சயாஜி."

"அப்ப ஏன் சொன்னே? இன்னிக்கு நெருப்புல நடக்கப் போறே, சாமி சுட்டுரும்னு பயமா?"

"அதுவும்தான். அதைவிட, எனக்குத் தூக்கம் வராது. லிஃப்ட் சத்தம் கேக்கறப்பல்லாம் யாராவது கண்டுபிடிச்சுட்டாங்களான்னு நெனைச்சே செத்துருவேன். நான் அப்படிப்பட்ட ஆளு."

அவர் நோட்டைத் திறந்தார். மின்வெட்டு என்று எழுதியதை ஒரே கோட்டில் அடித்தார். "நாளைக்குக் கமிட்டி கூடும். இது தெரிஞ்சா இனிமே யாரு இதுல ஏறுவா? நான் ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஐந்தாவது மாடியில் இருக்கும் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவரைக் குறை சொல்லாதீர்கள். நியாயமான பேச்சு. நான் என் வேலையைப் பார்த்தேன். வளைந்த கதவை நிமிர்த்திப் பூட்டுப் பிடிக்கிற மாதிரி செய்தேன். எல்லா இடத்திலும் இருந்த பொட்டை ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தேன். அப்போது எனக்குள் ஓர் எண்ணம் தெளிவாக வந்தது. அம்மனுக்கு என் நெற்றி போதும். மெஷினுக்கு என் கையும் கண்ணும் போதும். இதை அங்கேயும் அதை இங்கேயும் வைத்து இரண்டையும் கெடுத்தது நான்தான், அவள் இல்லை. வேண்டுதலை விட்டுவிடுங்கள் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். அன்று சாயங்காலம் பூ மிதித்தேன், அதற்கப்புறம் ஏழு வருஷமும் மிதித்தேன். அந்த எட்டு நாள் விரதம் இல்லாவிட்டால் சக்கரத்தைப் பிடித்த கையில் அவ்வளவு பிடிவாதம் வந்திருக்காது, மறைக்காமல் சொல்ல நாக்கும் எழுந்திருக்காது.

ஆளில்லாமல் பெட்டியை மேலும் கீழும் ஆறு தடவை ஓட்டினேன். கச்சிதமாக நின்றது. கீழே வந்தால் என் மனைவி செல்வி, மஞ்சள் சேலையில், கையில் வேப்பிலைப் பையோடு நிற்கிறாள்.

"பன்னெண்டு மணி பஸ்ஸு போயிருச்சு. ஊர்ல எல்லாரும் உங்களைப் புகழறாங்க, நீங்க ஏன் எழவு விழுந்த மாதிரி நிக்கிறீங்க?"

சொன்னேன். முழுதும் கேட்டாள். "இப்ப சரியாயிருச்சா?"

"ஆயிருச்சு."

"நிச்சயமா?"

"ஆறு தடவை ஓட்டிட்டேன்."

"அப்ப ஏறுவோம்" என்றாள்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும், சிரிக்காதீர்கள். பத்தொன்பது வருஷம் லிஃப்ட் வேலை பார்த்த நான், என் மனைவியை ஒருநாளும் லிஃப்டில் ஏற்றியதில்லை. எங்கே போனாலும் படிதான். உடம்புக்கு நல்லது என்பேன். உண்மையில் பயம். ஊரை ஏற்றலாம், அவளை ஏற்ற மனசு வராது.

"ஊருக்கெல்லாம் லிஃப்டு, எனக்கு மட்டும் படி" என்று சொல்லிக்கொண்டே, புது வீட்டுக்குள் நுழைகிற மாதிரி வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். நானும் ஏறினேன். ஒன்பதை அழுத்தினேன். நான்கு. ஐந்து. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணைத் தொறங்க. நீங்க பாத்த வேலைதானே?"

திறந்தேன். ஆறு. ஏழு. எட்டு. ஒன்பதாவது மாடியில் கதவு விரிந்தது, தரையோடு தரையாக, ஒரு நூல் பிசகாமல்! செல்வி வராந்தா ஜன்னல் வரைக்கும் போய் எட்டிப் பார்த்து, "அடேயப்பா, ஆத்துப் பாலம்கூடத் தெரியுதே. இதையா இத்தனை வருஷமா எனக்குக் காட்டாம இருந்தீங்க?" என்றாள்.

இறங்கினோம். எட்டு, ஏழு, ஆறு. ஐந்தில் பெட்டி தானாக நின்றது. என் உயிரும் நின்றது. கதவு திறந்தது.

வெளியே சயாஜி, குடையும் கையுமாக. பொத்தானை அழுத்தியது அவர்தான். என்னைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார், அவள் கையிலிருந்த வேப்பிலையைப் பார்த்தார். உள்ளே வந்து எங்கள் நடுவில் நின்று, தரைத்தளப் பொத்தானைத் தானே அழுத்தினார். மூன்றாவது மாடி தாண்டும்போது கதவைப் பார்த்தபடியே சொன்னார்:

"மெஷினுக்குச் சந்தனம் வைக்கக் கூடாதுன்னு ஒரு வரி சேக்கணும். கமிட்டியில சொல்லி, அடுத்த வருஷ ஒப்பந்தத்துல."

செல்வி என் கையை அழுத்திக் கிள்ளினாள். அடுத்த வருஷ ஒப்பந்தம்!